கசப்புப் பூச்சு

ட்ரூப்ஷாகன். மலையைக் குடைந்த நிலவறை.
ஆயிரத்து நாநூறு பாற்கட்டிச் சக்கரங்கள்
பலகையில் கிடந்து வியர்க்கின்றன.
போன் இங்கே எடுபடாது. இணையம்
கல்லில் முட்டித் திரும்பிவிடும்.
ஈரப்பதம் எழுதிவைக்கிற சின்னக் கணினி,
ஒரு சீட்டுக்கட்டு அளவு,
நேரத்தை யாரிடமும் கேட்க முடியாமல்
தானே ஞாபகம் வைத்திருக்க வேண்டும்.

ஞாயிறு இரவு மின்சாரம் போய் வந்தது.
திங்கள் காலை திரையில் 01.01.2000.

உப்புநீர் வாளியோடு வந்த ஹப்தோம் எட்டிப் பார்த்தான்.
"அட, என் பிறந்தநாள்!"

வியாழன் பேர்னிலிருந்து பரிசோதகர் வருகிறார்.
எண்பத்தெட்டு வீத ஈரம், சரிதான்,
ஆனால் என்றைக்கு?
வ்யூத்ரிஷ் கத்தவில்லை.
கைக்கடிகாரத்தைக் கழற்றி என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.
அதற்குக் கத்தியிருக்கலாம்.

முதலில் வயர்கள். நாலும் இருந்த இடத்தில் இருந்தன.
அறுபத்தெட்டாம் முகவரியில் கூப்பிட்டேன்.
ஓம் என்றது கடிகாரச் சில்லு.
நேரம் சொல்லிக் கொடுத்தேன். திருப்பிச் சொன்னது,
நொடி பிசகாமல்.
செருகியைப் பிடுங்கி, பத்து எண்ணி, மறுபடி செருகினேன்.
சனவரி ஒன்று.

அப்போ பற்றரி.
பழசில் ஒரு வோல்ற்கூட இல்லை.
ஸ்டேஷன் கடையில் புதிது வாங்கினேன், ஐந்து பிராங் தொண்ணூறு.
மீற்றர் மூன்று தசம் இரண்டு காட்டியது. நிறைகுடம்.
போட்டேன். பிடுங்கினேன்.
சனவரி ஒன்று.

பிறகு எல்லாரையும் குற்றம் சொன்னேன்.
கவ்வியை நெளித்தேன்.
படிக்கட்டில் குந்தி ஈயம் உருக்கிப் புதிதாய் ஒட்டினேன்.
நான் எழுதிய நிரலை நானே திட்டினேன்.
ஒவ்வொரு தரம் பிடுங்கும்போதும்
வ்யூத்ரிஷின் கடிகாரத்தைப் பார்த்து
சுவரில் பென்சிலால் நேரம் குறித்தேன்.
பத்தொன்பது கோடுகள்.
சிறைச்சாலை மாதிரி இருக்கு என்றான் ஹப்தோம்.

புதன் பின்னேரம் குப்பையிலிருந்து
பற்றரியின் அட்டையை எடுத்து விளக்கடியில் பிடித்தேன்.
எறும்பெழுத்தில், ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன்:
குழந்தைகள் விழுங்காதிருக்கக் கசப்புப் பூச்சு.

நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன்.
மலேரியாக் குளிசை.
துப்பினேன், மறுபடியும் துப்பினேன்.

மீற்றரின் ஊசி அந்தத் தோலைக் கிழித்து உள்ளே தொட்டிருக்கிறது.
கவ்வியோ மெத்தென்று மேலே அமர்ந்து
தொட்டதாக நினைத்திருக்கிறது.
மூன்று நாளாய் ஒரு பிள்ளைக்கான கசப்பு
நடுவில் நின்றிருக்கிறது,
பிள்ளையே இல்லாத நிலவறையில்.

ஸ்பிரிட்டால் துடைத்தேன். அழிறப்பரால் தேய்த்தேன்.
போட்டேன். சொல்லிக் கொடுத்தேன். பிடுங்கினேன்.
பத்து எண்ணப் பயந்து கோப்பி குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது 16:42.
சுவருக்குப் பக்கத்தில் இருந்த கைக்கடிகாரத்திலும் 16:42.
புதன், இந்த மாதம், இந்த வருஷம்.

"அப்போ என் பிறந்தநாள் போச்சா?"
கன்ரோன் அலுவலகத்தில் ஒரு படிவம் இருந்ததாம்.
வருஷம் தெரியும், நாள் தெரியாது என்றானாம்.
கட்டத்தை வெறுமையாய் விட்டால்
கணினி அடுத்த பக்கத்துக்குப் போகாதாம்.
அந்தப் பெண் ஒன்று அடித்தாள், பிறகும் ஒன்று அடித்தாள்.
"எங்கள் மாடியில் ஐந்து பேருக்கு அதே நாள்.
ஒரே கேக். மிச்சம்தானே."

பரிசோதகருக்காக அந்த மூன்று நாளையும்
பென்சில் கோடுகளைப் பார்த்துப் பார்த்து
உரிய தேதிக்கு நகர்த்தினேன்.
ஒரு கட்டளை, வித்தியாசத்தைக் கூட்டும் ஒரு வரி.
இரண்டாயிரத்தின் சனவரி ஒன்றுகள்
ஒவ்வொன்றாய்த் திரையிலிருந்து போயின.

ஹப்தோம் பின்னால் நின்று
கடைசி வரி மாறும்வரை பார்த்தான்.
பிறகு சக்கரம் புரட்டப் போய்விட்டான்.